பதினாறாம் ஊரின் ரத்தக்கொதிப்பு

அந்நிய ஆண்களின் இடுப்பை அளக்கும் கூச்சம் வெற்றிச்செல்விக்குப் போக ஒரு வாரம் ஆனது. ஆண்களுக்குப் போகவே இல்லை. அளவு நாடாவைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"மூச்ச விடுங்கண்ணே."

"விட்டுட்டனே."

"இன்னும் உள்ளதான் இருக்கு."

"அது வயிறும்மா."

"அதத்தான் விடச் சொல்றேன்."

விட்டால் ஆறு சென்டிமீட்டர் கூடும். அந்த ஆறு சென்டிமீட்டரில்தான் ஆராய்ச்சி இருக்கிறது என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக் குழுவில் களப்பணியாளர். ஒரே மாவட்டத்தில், ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரே வெயிலில் காய்கிற மனிதர்களில் சிலருக்கு மட்டும் ஏன் சர்க்கரையும் கொதிப்பும் சீக்கிரம் வருகின்றன, சிலர் ஏன் சீக்கிரம் சாகிறார்கள் என்று கண்டுபிடிப்பது குழுவின் வேலை. கணினியில் செய்கிற வேலைதான். ஆனால் கணினிக்குத் தீனி வேண்டும். தீனி பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நாற்பது ஊர் மனிதர்களின் உடம்புக்குள் இருந்தது. அதை ஸ்கூட்டியில் போய் எடுத்து வர வேண்டும். அரியலூர்ப் பக்கம் எடுத்து வர இருவர் இருந்தார்கள். ஒருவர் வெற்றிச்செல்வி. இன்னொருவன் முத்தமிழ்செல்வன். மார்ச் மாதத்தோடு முதல் கட்டம் முடிகிறது. அதற்குப் பிறகு ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். இது இருவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒரே கடையில் டீ குடித்தார்கள்.

எண்ணுவது அவளுக்கு அப்பா வழியில் வந்தது. கீழப்பழுவூர் காலனியில் அய்யம்பெருமாள் என்றால், பிறர் வயலில் நாற்றுப் பறித்தவர், பிறகு சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளைச் சாலையோரம் உட்கார்ந்து எண்ணியவர். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று ஒப்பந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும். கண்ணை மூடினாலும் லாரி ஓடுகிறது என்பார். மகள் கணிதத்தில் பட்டம் வாங்கினாள். தனியார் பள்ளியில் நான்கு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அறிவியல் டீச்சர் வராத நாளில் அறிவியல். டிரில் சார் வராத நாளில் விசில். கொரோனாவில் பள்ளி மூடியது. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிற தற்காலிக வேலை கிடைத்தது. கதவைத் திறந்த எல்லோரும் இல்லை என்று சொல்லிவிட்டு இருமினார்கள். மனிதர்கள் சொல்கிற எண்ணுக்கும் இருக்கிற எண்ணுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டாள். அந்தச் சந்துக்குள் போய்ப் பார்க்க அவளுக்கு ஆசை வந்தது. இந்த வேலைக்கு விளம்பரம் வந்தபோது, ஆலத்தியூர்ப் பக்கம் டிப்பர் ஓட்டும் கணவன் ரஞ்சித்குமார், "பிரஷர் பாக்கற வேலையா? மொதல்ல எனக்குப் பாரு" என்று கையை நீட்டினான். மெஷின் கைக்கு வந்த அன்று பார்த்தாள். நூற்று நாற்பத்தெட்டு. அன்றிலிருந்து அவனுக்குக் கருவாடு கிடையாது. அவளுடைய ஆராய்ச்சியால் முதலில் பாதிக்கப்பட்டவன் அவன்தான்.

ரத்த அழுத்தம் எடுப்பதற்குச் சட்டம் உண்டு. ஆளை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில் படிய வேண்டும். கை, நெஞ்சு உயரத்தில் ஒரு மேசை மேல் ஓய்வாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். அப்புறம் மூன்று முறை எடுத்து, முதலாவதைக் கழித்துவிட வேண்டும். இதில் பேசாமல் இருப்பதுதான் அரியலூர் மாவட்டத்தில் நடக்காத காரியம்.

காலனிகளில் அவளை வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். ஓர் ஊரில் இருசம்மாள் என்கிற நூறு நாள் வேலைக்காரப் பெண்மணி, நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் எழுந்துகொண்டாள்.

"எங்க போறீங்க? உக்காருங்க. அஞ்சு நிமிசம் ஆவணும்."

"நீ வந்து எவ்வளவு நேரமாச்சு, ஒரு காப்பித்தண்ணி வக்கல."

"வேணாம். நீங்க எந்திரிச்சா மறுபடி மொதல்லேருந்து."

"வேணாங்கிறியே, அதக் கேட்டாதான் எனக்குப் பிரஷர் ஏறுது."

நான்கு முறை எழுந்தாள். கடைசியில் வெற்றிச்செல்வி அடுப்படிக்குப் போய்த் தானே காப்பி போட்டு எடுத்து வந்தாள். அதுவரை இருசம்மாள் நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். நூற்று இருபத்தாறு. ஒரு நாளைக்கு எட்டு வீடு, எட்டு டம்ளர் என்று வெற்றிச்செல்வியின் வயிறு ஆராய்ச்சிக்கு உழைத்தது.

பதினாறாம் ஊருக்கு அவள் டிசம்பரில் போனாள். உடையார்பாளையம் போகும் வழியில் முந்திரிக் காட்டைத் தாண்டி இருக்கிறது. ஊர்ப் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்பது ஆராய்ச்சி தர்மம், எனவே எண் மட்டும். காலனியில் நாற்பது வீடுகளை ஐந்து நாளில் முடித்தாள். அவள் பங்குக்கு மேலத்தெரு விழுந்தது இந்த ஓர் ஊரில்தான். அதில் கணினி சீட்டுக் குலுக்கி நாற்பத்து மூன்று வீடுகளைக் கொடுத்திருந்தது. முந்திரிக்காரர்கள், கரும்புக்காரர்கள், மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பியவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பிக் கேட். கேட்டுக்குப் பின்னால் பெரிய வாசல், டைல்ஸ் ஒட்டிய போர்டிகோ, அதில் இரண்டு மூன்று நாற்காலிகள் காலியாக.

முதல் வீடு ராசாத்தியம்மாளுடையது. ஐம்பத்தெட்டு வயது, மாநிறம், காதில் ஏழு கல் தோடு. கேட்டுக்கு உள்ளே வந்து நின்றாள். வெற்றிச்செல்வி வெளியே நின்றாள். அவள் டேப்லெட்டில் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. ராசாத்தியம்மாளிடம் மூன்றுதான்.

"எந்த ஊரு புள்ள நீ?"

"கீழப்பழுவூருங்க."

"கீழப்பழுவூர்ல எங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்கு அந்தாண்டைங்க."

"ஏரிக்குப் போற வழியா, கோயிலுக்குப் போற வழியா?"

"ஏரிக்குப் போற வழிங்க."

ராசாத்தியம்மாளின் கணக்கெடுப்பு அத்துடன் முடிந்துவிட்டது. கோபம் இல்லை, முகம் மாறவில்லை. குரல்கூட அன்பாகத்தான் இருந்தது. கேட்டின் தாழ்ப்பாள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. "கேளு புள்ள, என்ன கேக்கணுமோ."

ஐம்பது நிமிடம் கேட்டாள். நின்றுகொண்டே. அறுபத்தேழாவது கேள்வி இது: கடந்த பன்னிரண்டு மாதங்களில் யாராவது உங்களை மரியாதைக் குறைவாக நடத்தியது உண்டா?

"உண்டு."

வெற்றிச்செல்வி நிமிர்ந்தாள். "யாருங்க?"

"எம் மருமவ."

"அதுக்கு இதுல எடமில்லீங்க. சாதி, மதம், வருமானம், படிப்பு, இதுல ஏதாவது ஒண்ணாலன்னு கேக்குறாங்க."

"அப்ப படிப்புன்னு போட்டுக்க. பி.இ. படிச்சிருக்கா."

ரத்த அழுத்தம் எடுக்கும் நேரம் வந்தது. "உக்காந்து எடுக்கணுங்க" என்றாள் வெற்றிச்செல்வி. ராசாத்தியம்மாள் திரும்பி போர்டிகோவைப் பார்த்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள். வெற்றிச்செல்வியைப் பார்த்தாள். "இப்படியே எடேன். எனக்கொண்ணும் கால் வலியில்ல." கேட்டுக் கம்பி வழியாக, வளையல்காரனிடம் நீட்டுகிற மாதிரி, கையை வெளியே நீட்டினாள். மெஷினைக் கேட்டுத் தூணின் மேல் வைத்து, பட்டையை வெற்றிச்செல்வி கட்டினாள். கம்பிக்கு வெளியே கை மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நூற்று அறுபத்தெட்டு.

டேப்லெட் கேட்டது: பங்கேற்பாளர் ஐந்து நிமிடம் அமர்ந்திருந்தாரா?

இல்லை என்று அழுத்தினாள். சிவப்பு எழுத்து வந்தது. அமர்ந்த பின் மீண்டும் முயல்க. மறுபடி இல்லை என்று அழுத்தினாள். மறுபடி சிவப்பு. அடுத்த பக்கம் திறக்கவில்லை. இதை எழுதிய புண்ணியவானுக்கு, உட்காராமல் ஒரு மனிதன் இருக்க முடியும் என்று தோன்றவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆம் என்று அழுத்தினாள். பக்கம் திறந்தது.

ஆறு நாளில் நாற்பத்து மூன்று கேட்டுகள். நாற்பத்து மூன்று கைகள். நாற்பத்து மூன்று ஆம். மாலையில் வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். ரஞ்சித்குமார், "நான் உக்காந்தே ஓட்டுறேன், எனக்கு முதுகு வலி. நீ நின்னே பாக்குற, ஒனக்குக் கால் வலி. நம்ம ரெண்டு பேரையும் ஒட்டினா ஒரு நல்ல ஆள் வருவான்" என்பான்.

ஜனவரியில் பிரசாத் போன் செய்தான். குழுவில் கணினி வேலை பார்ப்பவன். ஜெயங்கொண்டம் பக்கத்துப் பையன், விவசாயக் குடும்பம், கெட்டிக்காரன். எந்த வீட்டில் கேள்வி கேட்டார்கள் என்பதை டேப்லெட் செயற்கைக்கோள் வழியாகப் புள்ளி வைத்து அவனுக்கு அனுப்பிவிடும்.

"அக்கா, பதினாறாம் ஊர்ல ஒங்க புள்ளியெல்லாம் ரோட்டுல விழுது."

"ஓ."

"காலனியில கரெக்டா வூட்டுக்குள்ள விழுது. மேலத்தெருவுல மட்டும் பத்தடி தள்ளி வரிசையா ரோட்டுல நிக்குது. சிக்னல் கோளாறு போல. நான் சரி பண்ணிட்டேன்."

"என்ன பண்ணீங்க?"

"எல்லாத்தையும் உள்ள தள்ளிட்டேன். வூட்டுக்குள்ள."

வெற்றிச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆறு நாள் வெயிலில் நின்றும் நடக்காததைப் பிரசாத் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நடத்திவிட்டான். வரைபடத்தில் அவள் நாற்பத்து மூன்று வீடுகளின் கூடத்திலும் இருந்தாள். ஒரு வீட்டில், அவன் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டதில், பூஜை அறைக்கே போயிருந்தாள்.

"என்னக்கா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. நல்லாத் தள்ளியிருக்கீங்க."

பிப்ரவரி முதல் வாரம் குழுவின் தலைவர் ஜானகி அரியலூருக்கு வந்தார். பேராசிரியர். குரலை உயர்த்த மாட்டார், புருவத்தை உயர்த்துவார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற கள அலுவலகத்தில் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, அதில் படம் காட்டினார். படத்தில் இரண்டு கம்பங்கள். நீலம் காலனி. சிவப்பு மேலத்தெரு. சிவப்பு நீலத்தைவிடப் பதினைந்து புள்ளி உயரத்தில் நின்றது.

"நாப்பது ஊர்ல இது ஒண்ணுலதான் இப்படி வருது" என்றார் ஜானகி. முகத்தில் வெளிச்சம் இருந்தது. "வசதியானவங்களுக்கு இவ்வளவு அதிகமா இருக்குன்னா, சாப்பாடா, உப்பா, வேற ஏதாவதா? மே மாசம் மாநாட்டுல இதத்தான் பேசப்போறேன். அந்தத் தெருவுல உப்புக் குறைக்கிற ஒரு திட்டமும் எழுதியிருக்கு. களத்துல பாத்தவங்க நீங்க. சொல்லுங்க. ஏன்?"

"ஊறுகாய் மேடம்" என்றான் பிரசாத். "எங்க பக்கமெல்லாம் மாவடு இல்லாம மோர்சாதம் எறங்காது."

"முந்திரி" என்றான் முத்தமிழ்செல்வன். "சும்மா இருக்கயில வாயில போட்டுக்கிட்டே இருப்பாங்க. கொழுப்பு."

ஜானகி இரண்டையும் எழுதிக்கொண்டார். ஊறுகாயும் முந்திரியும் மாநாட்டுக்குப் புறப்பட்டுவிட்டன. "வெற்றிச்செல்வி? அது உங்க தெருதானே."

வெற்றிச்செல்வி சிவப்புக் கம்பத்தைப் பார்த்தாள். அது என்னவென்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் மார்ச் மாதம் அவளுக்குத்தான். இப்படி ஒரு கம்பத்தை நட்டுக் கொடுத்தவளை யார் அனுப்புவார்கள்? வாயைத் திறந்தால் நாற்பத்து மூன்று பொய் அழுத்தியவள். அதோடு, ஏன் அழுத்தினாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து டீ குடிப்பவர்களிடம், உரக்க. அதற்குத்தான் வாய் வரவில்லை. ஆனால் கணக்கு டீச்சர் ஒருத்தி உள்ளே இருந்தாள். தப்பான விடைக்கு எதிரே சரி என்று போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது.

"அவங்க நின்னாங்க மேடம்."

"யாரு?"

"மேலத்தெருக்காரங்க. நின்னுக்கிட்டே கையக் குடுத்தாங்க. கேட்டுக் கம்பி வழியா. கை தொங்குனா கூடத்தானே காட்டும்."

புருவம் உயர்ந்தது. "உக்கார வச்சதா நாப்பத்து மூணு பேருக்கும் 'ஆம்' இருக்கே."

"'இல்லை' போட்டேன் மேடம். மெஷின் வாங்கிக்கல."

"ஏன் உக்கார வைக்கல?"

"அவங்க வூட்டு நாற்காலி மேடம் அது. உக்காருன்னு அவங்கதான் சொல்லணும். அவங்க உள்ள போயி உக்காந்துட்டா நான் வெளியில நிக்கணும், வயர் எட்டாது. என்னையும் உள்ள வாங்கணும். அதுக்கு நின்னுரலாம்னு நின்னுட்டாங்க."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜானகிக்கு விளங்க மூன்று நொடி ஆனது. பிரசாத்துக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. மடிக்கணினியைக் குனிந்து பார்த்தான்.

"முத்தமிழ்செல்வன், உங்களுக்கு அந்த மாதிரித் தெருவுல இப்படி ஆச்சா?"

"இல்ல மேடம். எனக்கு மோரெல்லாம் குடுத்தாங்க" என்றான் அவன். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று யோசித்தான். யோசித்துவிட்டு நல்ல மனதோடு, "நான் வேணா போயி எடுத்துட்டு வந்துர்றேன். ரெண்டு நாள் வேலை" என்றான்.

நல்ல மனதுதான். அதில் மார்ச் மாதமும் இருந்தது.

ஜானகி பேனாவை மூடினார். "நாப்பத்து மூணு தப்பான பதிவு. இதுக்கு வேற குழுவா இருந்தா அன்னைக்கே அனுப்பிடுவாங்க, தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"மறுபடி எடுக்கணும். சட்டப்படி, உக்கார வச்சு. மூணு நாள். அவரை அனுப்பவா, நீங்க போறீங்களா?"

"நானே போறேன்."

"உக்கார வைக்க முடியுமா?"

வெற்றிச்செல்விக்குத் தெரியவில்லை. "முடியும் மேடம்" என்றாள்.

படியிறங்கும்போது பிரசாத் பின்னால் வந்தான். "அக்கா, எங்க வூட்டுக்கு வந்திருந்தா நீங்க இப்படி நின்னிருக்க வேணாம்."

"அப்படியா தம்பி? ஒங்க வூட்டு கேட்டு எவ்வளவு ஒசரம்?"

அவன் தன் இடுப்பு உயரத்துக்குக் கையைக் கொண்டுபோனான். பிறகு நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினான். பிறகு கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை கீழப்பழுவூரில் பந்தல் சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரர் சாமிதுரை எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"கல்யாணமா, காரியமா?"

"ரத்தக்கொதிப்பு."

"அதுக்கும் பந்தலா?"

"ரெண்டு நாற்காலி போதும். ஒரு சின்ன ஸ்டூலு."

ரஞ்சித்குமார் டிப்பரில் தார்ப்பாய் கட்டும் கயிற்றால் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து ஸ்கூட்டியின் பின்னால் கட்டினான். எட்டுக் கால்கள் வானத்தைப் பார்த்தன. "சிம்மாசனத்தோட போறா எம் பொண்டாட்டி" என்றான். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். "வாங்கலன்னா திரும்பி வந்துரு. வேல போனா போவுது."

"போவாது."

"போனாங்கிறேன்."

"கயித்த இறுக்கிக் கட்டு. பேசாத."

ராசாத்தியம்மாள் வீட்டுக்கு எதிரே சாலையோரம் ஒரு வேப்பமரம். அதன் நிழல் காலையில் சரியாகக் கேட் வரைக்கும் வரும். நிழலில் இரண்டு நாற்காலிகளையும் நடுவில் ஸ்டூலையும் போட்டாள். ஒன்றில் தான் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள்.

ராசாத்தியம்மாள் வெளியே வந்தாள். வந்தவள், உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்ன புள்ள இது, ரோட்டுல கடை போட்டுட்ட?"

"போன தடவ எடுத்தது தப்பாயிருச்சுங்க. ஒங்களுக்குப் பிரஷர் அவ்வளவு இல்லன்னு நெனைக்கிறேன். உக்காந்து எடுக்கணும். வாங்க."

"இல்லையா? நூத்தி அறுவத்தெட்டுன்னியே! ரெண்டு மாசமா உப்பில்லாம திங்கிறேன். நாக்குச் செத்துப்போச்சு. எம் மருமவ சந்தோசமா வடிச்சுக் கொட்டுறா."

"அதாங்க. வந்து உக்காருங்க, பாத்துருவோம்."

"நான் ரோட்டுல உக்காரவா? போறவன் வரவன் என்ன நெனப்பான்?"

"நான் உக்காந்திருக்கனே."

"நீ உக்காருவ..." என்று தொடங்கியவள் மீதியை விழுங்கினாள். அது என்ன மீதி என்று இருவருக்கும் தெரியும்.

"நாற்காலி நான் கொண்டாந்தது. ரோடு பஞ்சாயத்து ரோடு" என்றாள் வெற்றிச்செல்வி. குரலில் ஒன்றும் இல்லை. "அவசரமில்லீங்க. இருக்கேன்."

இருந்தாள். உள்ளே ராசாத்தியம்மாள் நின்றாள், வெளியே வெற்றிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். இப்படி ஒரு காட்சியை மேலத்தெரு பார்த்ததில்லை. எதிர் வீட்டில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அதற்கடுத்த வீட்டில் இரண்டு. ஜெயங்கொண்டம் பஸ் போனது. கண்டக்டர் படியில் தொங்கியபடி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். யார் வீட்டுக்கு எதிரே ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், என்ன தகராறு என்று சாயங்காலத்துக்குள் மூன்று ஊருக்குத் தெரிந்துவிடும். ராசாத்தியம்மாளுக்கு இப்போது நிஜமாகவே அழுத்தம் ஏறியிருக்கும். வெற்றிச்செல்வி டேப்லெட்டைத் துடைத்தாள்.

கடைசியில் ராசாத்தியம்மாள் உள்ளே போனாள். போர்டிகோவிலிருந்து ஒரு மர நாற்காலியை இழுத்து வந்தாள். கேட்டுக்கு உள்பக்கம் போட்டாள். உட்கார்ந்தாள். கம்பி இடித்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். மறுபடி இடித்தது. சலித்துக்கொண்டே தாழ்ப்பாளை நீக்கி ஒரு கதவைத் திறந்து தள்ளினாள்.

"கைக்கு எடம் வேணுமே" என்றாள், யாரிடமோ.

வெற்றிச்செல்வி தன் நாற்காலியைக் கேட் கோட்டுக்கு இந்தப் பக்கம் நகர்த்தினாள். ஸ்டூல் சரியாகக் கோட்டின் மேல். ராசாத்தியம்மாளின் கை ஸ்டூல் மேல். ஐந்து நிமிடம் இருவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேசக் கூடாது என்பதால் பார்க்க மட்டும்தான் முடிந்தது. பார்த்துக்கொண்டார்கள்.

நூற்று முப்பத்தெட்டு.

"முப்பது எங்க போச்சு?" என்றாள் ராசாத்தியம்மாள்.

"உக்காந்தா போயிரும்."

"அடிப்பாவி. மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னங்க. உக்காந்து எடுக்கணும்னு."

ராசாத்தியம்மாள் எழுந்து தெருவைப் பார்த்து, எதிர்வீட்டுத் தலைக்குக் கத்தினாள். "ஏ பூங்குழலி! உக்காந்து எடுத்தா முப்பது கொறையுதுடி! ஒங்க மாமியாரக் கூப்பிடு!"

அதன் பிறகு வேலை தானாக நடந்தது. முப்பது குறைகிறது என்பது அடுத்த வீட்டில் நாற்பது குறைகிறது என்று ஆகி, தெருக்கோடியில் மாத்திரையே வேண்டாமாம் என்று முடிந்தது. மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று ஒவ்வொரு கேட்டிலும் வெற்றிச்செல்வி தொண்டை வறளக் கத்த வேண்டியிருந்தது. சிலர் அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். சிலர் துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். தூசிக்காகவும் இருக்கலாம். சிலர் தங்கள் நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். ஒரு பெரியவர், தெருவில் உட்காருவது கௌரவக் குறைச்சல் என்று சொல்லி, அதைவிடக் கௌரவக் குறைச்சல் எது என்று கொஞ்ச நேரம் எடை போட்டுப் பார்த்து, அவளைப் போர்டிகோவுக்குக் கூப்பிட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்து வீடும் கூப்பிட்டது.

பூங்குழலி மட்டும் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "உள்ள வாங்கக்கா, நாடகம் ஓடுது." இருபத்தெட்டு வயது, கையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வெற்றிச்செல்வி சோபாவில் உட்கார்ந்தாள். மின்விசிறிக்கு நேர் கீழே. ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் நூற்று ஐம்பத்திரண்டு. டி.வி.யில் ஒருத்தி இன்னொருத்தியின் பாலில் எதையோ கலந்துகொண்டிருந்தாள்.

"டி.வி.ய அணைச்சாதான் சரியா வரும்."

"அவ குடிக்கிறாளான்னு பாத்துட்டு அணைக்கிறேன்க்கா."

"அவ குடிச்சா ஒங்களுக்குத்தான் ஏறும்."

"ஏறினா ஏறிட்டுப் போவட்டும்."

மூன்று நாளில் அவளிடம் யாராவது நிஜமாகச் சண்டை போட்டார்கள் என்றால் அது அந்த வீட்டில்தான். அடுத்த விளம்பர இடைவேளை வரைக்கும் காத்திருந்து மறுபடி எடுத்தாள். நூற்றுப் பதினெட்டு.

மூன்றாம் நாள் மாலை கணக்குப் பார்த்தாள். வீட்டுக்குள் நான்கு. போர்டிகோவில் பதினொன்று. கேட் வாசலில் நாற்காலி போட்டு இருபத்திரண்டு. ஆறு பேர் நாற்காலியையும் அவளையும் பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆறு பேருக்கும் எதிரே, காரணத்தோடு, 'எடுக்கவில்லை' என்று எழுதினாள்.

அலுவலகத்தில் வேட்டியில் மறுபடி படம் விழுந்தது. சிவப்புக் கம்பம் நீலத்தின் தோளுக்கு இறங்கியிருந்தது. வித்தியாசம் ஒரு புள்ளி. ஊறுகாய், முந்திரி இரண்டும் மாநாட்டுக்குப் போகாமல் வழியிலேயே இறங்கிவிட்டன. உப்புத் திட்டம் பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தது. ஜானகி அதைக் கோப்பிலிருந்து எடுத்துத் தனியே வைத்தார்.

"நல்ல படம் அது" என்றார்.

"ஆமாங்க மேடம்" என்றாள் வெற்றிச்செல்வி. அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

பிரசாத் அவள் புள்ளிகளைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டிருந்தான். புதிய புள்ளிகளிலும் கை வைக்காமல் அப்படியே விட்டிருந்தான். டேப்லெட்டில் புதிதாக ஒரு கேள்வியும் சேர்த்திருந்தான்: பேட்டி நடந்த இடம். ஒன்று, வீட்டுக்குள். இரண்டு, போர்டிகோ அல்லது வாசல். மூன்று, கேட்டுக்கு வெளியே. இதை நாற்பது ஊருக்கும் கேட்க வேண்டும் என்று ஜானகி முடிவு செய்துவிட்டார். மாநாட்டுக்கு இப்போது அதுதான் போகப்போகிறது. அந்த உற்சாகத்தில் அவர் வெற்றிச்செல்வியின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு யோசிச்சேன். அடுத்த கட்டத்துல அந்த மாதிரித் தெருவுக்கெல்லாம் முத்தமிழ்செல்வன் போகட்டும். காலனி வேலைக்கு ஆள் அவ்வளவு வேண்டாம், அதை அவரே சேர்த்துப் பாத்துக்கலாம். உங்களை மறுபடி மறுபடி வாசல்ல நிக்க வைக்க எனக்கு மனசில்ல. உங்களுக்கு எதுக்கு இந்தச் சங்கடம்?"

முத்தமிழ்செல்வன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான்.

இவ்வளவு மரியாதையாக அவளை யாரும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. வெற்றிச்செல்வி கொஞ்சம் யோசித்தாள். கோபப்படலாமா என்று பார்த்தாள். அதற்குள் மனம் கணக்குப் போட்டுவிட்டது.

"தாராளமா அனுப்புங்க மேடம். ஆனா ஒண்ணு."

"என்ன?"

"அவரு போனா மோர் குடுப்பாங்க. எல்லா வீட்டுலயும் ஒண்ணுன்னுதான் வரும். நாப்பது ஊருக்கும் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. அப்புறம் இந்தக் கேள்விய எதுக்கு வச்சிருக்கீங்க?"

பிரசாத் சத்தமாகச் சிரித்துவிட்டான். முத்தமிழ்செல்வனும் சிரித்தான், சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. ஜானகியின் புருவம் உயர்ந்தது, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, இறங்கியது.

"மார்ச்சுக்கு அப்புறம் உங்களை நான் எந்தத் தெருவுக்கு அனுப்புறது?" என்று கேட்டார்.

"எல்லாத் தெருவுக்கும் மேடம்."

ஜானகி அவள் பெயருக்கு எதிரே அப்படியே எழுதிக்கொண்டார்.